வியாழக்கிழமை பெய்யாத மழை

வேலாயுதன் தம் வாழ்நாளில் மழையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பொய் எழுதினார். அதை நீதிமன்றம் நம்பியது. அவர் எழுதிய மற்ற பதினோராயிரத்துச் சொச்சம் உண்மைகளை, 1967-இல் ஒரு பெண் வந்து கேட்கும்வரை, யாரும் படிக்கக்கூட இல்லை.

கோயிலில்தான் அவர் வேலாயுதன். பிறப்புப் பதிவேட்டில் வலேதோன். ஆலையில், வேலை அவசரத்தில், லதோன். மூன்று பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே திரும்பிப் பார்ப்பார். இங்கே தமிழில் வரும் பேச்செல்லாம் உண்மையில் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நடந்தவை; எங்களுக்குத் தமிழ் கற்பூரத் தட்டைச் சுற்றியும் உறவுமுறையைச் சொல்லி அழைக்கும்போதும்தான். மச்சான் மட்டும் எந்த மொழியிலும் மச்சான்.

ட்ரியோலேக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டம். அதன் ஆலைக்குப் பின்னால் வேலி போட்ட புல்தரை. புல்தரையில் ஒரு செம்பு உருளை, மேலே புனல், உள்ளே ஒரு குப்பி. தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் குப்பியில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கி, அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. 1936-இல் அந்த வேலையில் சேர்ந்தார். அழிப்பானைத் தொட மாட்டார். எண் தவறிவிட்டால் அதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, சுருக்கொப்பம். கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிய வேண்டும் என்பார். தவறும் ஒரு தகவல்தானாம்.

1960-இல் கரோல் புயல் தீவைப் புரட்டிப் போட்டபோது மழைமானியே பறந்துபோயிற்று. "பத்து அங்குலம்னு தோராயமாப் போடு, மேலே அனுப்பணும்," என்றார் மேனேஜர். "நான் பார்க்கலையே மிஸ்யே," என்றார் இவர். புத்தகத்தில் 'மானி இல்லை, அளக்கவில்லை' என்று எழுதினார். கூரையில்லாத ஊரில் இதை வைத்துப் பல நாள் சிரித்தார்கள். மேனேஜருக்குக் கோபம்தான், ஆனாலும் வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நேர்மைக்கு அந்தத் தோட்டத்தில் அது ஒன்றுதான் சான்று.

அந்த நேர்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1937 ஆகஸ்டிலிருந்து வந்தது.

அந்த மாதம் வடக்கிலும் கிழக்கிலும் வேலைநிறுத்தம். கூலிக்காரர்கள் தோட்டம் தோட்டமாக நடந்துபோய்க் கூட்டம் கூடினார்கள். வேலாயுதன் வீரர் அல்ல. ஆனால் மனைவி ருக்மணியின் அண்ணன் மருதை வந்து கூப்பிட்டான்: "சும்மா வந்து நில்லு மச்சான். கூட்டத்துல ஒரு தலை கூடும்." எங்கே, யாரோடு என்று ருக்மணியிடம் சொல்லாமல் புதன் மாலை இருவரும் கிளம்பினார்கள். பத்து மைல் தள்ளி இன்னொரு தோட்டத்து வாசலில் நின்றார்கள். வெள்ளி நண்பகலில்தான் திரும்ப முடிந்தது.

புத்தகத்தில் இரண்டு வரி காலி. வியாழன், வெள்ளி.

மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அப்போதிருந்த மேனேஜருக்கு ஒரு பேச்சு உண்டு: "பூஜ்யம் எழுத ஆள் எதுக்கு? படுக்கையிலிருந்தே எழுதலாமே." வேலைநிறுத்தத்துக்குப் போனவன் என்று தெரிந்தால் வேலை போகும், தோட்டத்து வீடு போகும், ருக்மணிக்கு எட்டு மாதம். ஒருவன் எட்டு மணிக்கு மானியருகே நின்றான் என்பதைக் காட்டப் பூஜ்யம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே வியாழக்கிழமைக்கு நூறில் நாற்பத்தொன்று. வெள்ளிக்கு எட்டு. நாற்பது என்று எழுதவில்லை; முழுப் பத்தாக இருந்தால் சந்தேகம் வரும்.

வியாழன் பிற்பகலில் அவர்கள் தோட்டத்தில் நாலு ஏக்கர் கரும்பு எரிந்துபோன செய்தி, இதை எழுதி மை காய்ந்த பிறகுதான் அவர் காதுக்கு வந்தது. வயலை ஒட்டித் தோட்டத்தின் குட்டி ரயில் ஓடும். அதன் புகைபோக்கியிலிருந்து பொறி பறப்பது எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் ரயில் முதலாளியுடையது. மேனேஜர் கலவரத்துக்குப் பயந்து அந்த வாரம் முழுக்க மலைமேல் க்யூர்பிப்பில் இருந்தார்; அங்கே எந்நாளும் மழை. அதனால் சனிக்கிழமை இறங்கிவந்து புத்தகத்தை எடுத்துப்போய்ப் பார்த்தபோது அவருக்குச் சந்தேகமே எழவில்லை. காலையில் அவ்வளவு மழை பெய்த வயல், பிற்பகலில் வெறும் பொறிக்கா எரியும்? மண்ணெண்ணெய் ஊற்றி யாரோ கொளுத்தியிருக்கிறான். தோட்டத்தில் அந்த இரண்டு நாளும் காணாமல் போயிருந்தவன், எல்லோரும் அறிந்த வாயாடி, மருதை.

போர்ட் லூயிஸில் ஒரே காலையில் வழக்கு முடிந்தது. இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் நடந்ததை மொழிபெயர்ப்பாளர் மருதைக்கு மட்டும் சொன்னார். நானும் வலேதோனும் வேறு ஊரில் நின்றோம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தனியாப் போயிருந்தேன்" என்றான். வேலாயுதனைக் கூண்டிலேற்றிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது உம் கையெழுத்தா? ஆம் என்றார். நீதிமன்றத்தில் அவர் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

மருதைக்குப் பதினெட்டு மாதம். அவன் உள்ளே போன மாதமே ருக்மணிக்கு மகன் பிறந்தான். மூன்றாம் வயதில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது முறை. "நெருப்பு வச்ச கையில என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்" என்று ருக்மணி சொல்லிவிட்டாள். ரோஸ் ஹில்லிலிருந்து தூரத்து உறவில் ஒருவரை மாமன் என்று கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். மருதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு மச்சான்கள் இருவரும் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை, முப்பது வருடம்.

1967 ஜூலையில் நதின் ஆர்னாசலோன் வந்தாள். ரோஸ் ஹில்காரி, இருபத்தெட்டு வயது, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். வேலாயுதன் வலேதோன் ஆனது போல, அவள் பேரிலும் ஒரு சிவன் கோயில் ஒளிந்திருப்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காகத் திரும்பியிருந்தாள். மழைக்கும் விளைச்சலுக்கும் மனிதர்களின் கோபத்துக்கும் என்ன தொடர்பு என்பது ஆராய்ச்சி. மழை குறைந்த மாதங்களில்தான் கூலிக்காரர்கள் கிளர்ந்தார்கள் என்பது அவள் கட்சி. வடக்கிலுள்ள தோட்டங்களின் மழைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவளை வேலாயுதனின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

முதல் நாள் வேலாயுதனுக்குப் பெருமை தாங்கவில்லை. துணியால் மேசையைத் துடைத்தார். 1936-ஆம் வருடப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அதை அவள் பிரித்த பிறகுதான், அடுத்த புத்தகம் எது என்ற நினைப்பு வந்தது.

அவள் வேகமாகப் படிப்பவள் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு மாதம். ஏப்ரல் போயிற்று, ஆகஸ்ட் போயிற்று, வருடம் மாறியது. வேலாயுதன் தம் மேசையில் உட்கார்ந்து அவள் விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் ரெமி கதவருகே நின்று, "என்ன லதோன், முகம் வறண்டு கிடக்கு? நூறில் எத்தனை?" என்றான். நாற்பது வயதாகியும் வாய் அடங்காதவன். வேலாயுதன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, நதின் மூன்று தோட்டங்களின் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"மிஸ்யே வலேதோன், இந்த வியாழக்கிழமையைப் பாருங்க. கிழக்கே உள்ள தோட்டத்துல பூஜ்யம். மேற்கே பூஜ்யம். கடற்கரையில பூஜ்யம். உங்களுக்கு மட்டும் நாற்பத்தொண்ணு."

"வடக்கே அப்படித்தான் மாம்செல். ஒரு வயல் நனையும், பக்கத்து வயல் காயும்."

இந்த வாக்கியத்திலும் பொய் இல்லை. கூண்டில் சொன்ன 'ஆம்' போலத்தான்.

"என் வரைபடத்துல இது ஒண்ணுதான் முள்ளு மாதிரி நிக்குது," என்றாள் அவள். "இருந்தாலும் ஒதுக்க முடியாது. காப்பகத்துல தீர்ப்பைப் படிச்சேன். இந்த மழையை வச்சுத்தான் தீ வச்சது நிரூபணம் ஆகியிருக்கு. என் நாலாவது அத்தியாயமே அந்த ஆள்லதான் ஆரம்பிக்குது. மருதைன்னு பேர். இங்கதான் இருக்காராம். வெள்ளிக்கிழமை போய்ப் பேசப்போறேன். உங்களுக்குத் தெரியுமா அவரை?"

"என் மனைவியோட அண்ணன்."

அவள் பேனா நின்றது. "எப்படிப்பட்டவர்?"

வேலாயுதன் கொஞ்சம் யோசித்தார். "மிளகாய் வடை நல்லாப் போடுவார்."

அது மாவட்டத்துக்கே தெரிந்த விஷயம். சிறையிலிருந்து வந்தவனுக்கு எந்தத் தோட்டமும் வேலை தரவில்லை. ட்ரியோலே பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி போட்டு, நாங்கள் காத்தோ பிமான் என்கிற சின்ன மிளகாய் வடையைச் சுட்டு விற்றே கிழவனாகியிருந்தான். புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும் வேலாயுதன் அங்கே போனார். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வண்டிக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சுவரொட்டி. விடுதலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே சுவரில் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டியிருந்தார்கள்.

"வா மச்சான்," என்றான் மருதை. "வானிலைக்காரர் நடந்து வர்றார். குடை எடுக்கணுமா?"

இந்தக் கேலியை அவன் முப்பது வருடமாகச் செய்துவருகிறான். ஊர் சிரிக்கும். அதன் காரம் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு பொண்ணு வந்திருக்கா," என்றார் வேலாயுதன்.

"ரோஸ் ஹில் பொண்ணு. இங்க நின்னு நாலு வடை தின்னா. நான் யாருன்னு தெரியாது அவளுக்கு."

"வெள்ளிக்கிழமை உன்னைத் தேடி வரப்போறா. என்ன சொல்லப்போறே?"

மருதை எண்ணெயில் கிடந்த வடைகளைத் திருப்பிவிட்டான். "உனக்கு எது சௌகரியம்?"

வேலாயுதன் சுவரொட்டிகளைப் படிக்கத் தொடங்கினார்.

"முப்பது வருஷம் நான் கொளுத்தலைன்னு சொன்னேன். ஒருத்தன் நம்பலை. இப்ப கட்சிக்காரன் வந்து, 'தோழர், அன்னைக்கு நீங்க மூட்டின தீதான் இன்னைக்கு விடுதலையா எரியுது'ங்கறான். நான் மூட்டலைப்பாங்கறேன். அடக்கம்ங்கறான். ஞாயித்துக்கிழமை மேடையில நாற்காலி போடறானாம். மாலை வேற."

"நான் இப்ப உண்மையைச் சொன்னா அந்த மாலை போயிடும் உனக்கு."

"அதுக்காகத்தான் சொல்லாம இருக்கியா? எனக்காகவா?"

கேலியாகக் கேட்டிருந்தால் தேவலை. மருதை உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. பிறகு மருதை குரலைத் தாழ்த்தினான்.

"கோர்ட்டுல உன் பேரை நான் சொல்லலை. உனக்காக இல்ல மச்சான். வயித்துப் பிள்ளையோட ருக்மணி தெருவுல நிக்கக் கூடாதுன்னு. அந்தப் பிள்ளையைத்தான் என் மடியில வைக்க மாட்டேன்னுட்டா. ஜெயில் பதினெட்டு மாசத்துல முடிஞ்சுது. இது முடியலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். முதல்ல ருக்மணிகிட்ட நீ சொல்லியிருக்கணும். இல்லைன்னா, அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் கொளுத்தினேன்னு சொல்லிடுவேன். அது அச்சுல ஏறிடும். அப்புறம் நீ எத்தனை கோடு போட்டு அடிச்சாலும் அடிபடாது."

பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கையில் கொடுத்தான். "ருக்மணிக்குக் கொடு. யார் கொடுத்ததுன்னு சொல்லாதே, தின்ன மாட்டா."

அன்று வேலாயுதன் சொல்லவில்லை. பொட்டலத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மானியைப் பார்த்தார். பூஜ்யம். நாள் முழுக்க நதினின் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் 1938-க்குப் போய்விட்டாள், அவர் போகவில்லை. மாலை வீட்டுக்கு வந்தபோது ருக்மணி கொல்லையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை போனது, வெள்ளிக்கிழமை வந்தது, நாற்பத்தொன்று, எட்டு, புத்தகத்தை மேனேஜர் எடுத்துப்போனது.

அவள் துணி எடுப்பதை நிறுத்தவில்லை. "என்ன கிழமை மழை பெஞ்சதுன்னு எழுதினீங்க?"

"வியாழன்."

"பிள்ளைக்கு ஆகும்னு உங்க பழைய வேட்டியைக் கிழிச்சு, துவைச்சுக் காயப்போட்டிருந்தேன். இதே கொடியில. புதன்ல இருந்து வெள்ளி வரைக்கும் அதுலயேதான் கிடந்தது. எடுத்துவைக்க நீங்க இல்ல, எனக்குக் கை தூக்க முடியலை. ஒரு சொட்டு படலை அதுமேல."

"தெரியும்."

"மழையை வச்சுத்தான் அண்ணனை உள்ளே போட்டாங்கன்னு எனக்கு யாருமே சொல்லலையே. கொளுத்தினான், நிரூபணம் ஆயிடுச்சுன்னாங்க. என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்." ஒரு புடவையை இரண்டாக, நான்காக மடித்தாள். "கோர்ட்டுல நீங்க என்ன சொன்னீங்க?"

"என் கையெழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கேட்டாங்க."

மடித்த துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் அவரைத் தாண்டி நடந்தாள். வாசற்படியில் நின்றாள். "காது குத்தினப்ப அண்ணன் வேலிக்கு வெளியே வெயில்ல நின்னாரு. நீங்க உள்ளே, வந்த மாமனுக்குத் தட்டு எடுத்து வச்சிக்கிட்டிருந்தீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." சமையலறையில் அந்தப் பொட்டலம் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நதின் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பும் முன்பே வேலாயுதன் 1937-ஐ எடுத்து அவள் முன்னால் விரித்தார். அளவுகோல் வைத்து, சிவப்பு மையில், நாற்பத்தொன்றின்மேல் ஒரு கோடு. எட்டின்மேல் ஒரு கோடு. இரண்டுக்கும் பக்கத்தில் எழுதினார்: 'அளக்கவில்லை.' தேதி, கையொப்பம்.

காரணத்தையும் சொன்னார். அவள் குறிப்பெடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூஜ்யம்னு எழுதலாமே," என்றாள் கடைசியில். "சுத்தி எல்லா இடத்துலயும் பூஜ்யம். உங்க மனைவியே சாட்சி."

"நான் பார்க்கலையே மாம்செல்."

முள் போய்விட்டது. அவளுடைய கோடு இப்போது வழவழவென்று இறங்கியது: வறண்ட மாதம், கொதித்த மனிதர்கள். அவள் கட்சி முழுக்க ஜெயித்தாயிற்று. முகத்தில் மட்டும் ஜெயித்த களை இல்லை.

"இன்னும் எத்தனை இருக்கு, மிஸ்யே வலேதோன்?"

"இந்த ரெண்டுதான்."

"அதை நான் எப்படி நம்பறது?"

பதினோராயிரம் நாள் எட்டு மணிக்குப் புல்லில் நின்றவர் அவர். உண்மை சொன்னதால் முதல் முறையாக அவர் பொய்யர் ஆனார். ஆராய்ச்சியில், இந்தத் தோட்டத்தின் எண்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்றாள். "மன்னிச்சுக்கங்க."

"போடுங்க," என்றார் அவர். "கோட்டுக்கு அடியில பழசும் தெரியணும்."

சிவப்பு மை மேனேஜர் கண்ணிலும் பட்டது. வேலாயுதன் ஓய்வுபெற எட்டு மாதமே இருந்தது. அனுப்பிவிடவில்லை. கரோல் பக்கத்தை அத்தனை பேரிடம் காட்டியாயிற்று. இப்போது எப்படி அனுப்புவது? அடுத்த நாளிலிருந்து ரெமியும் எட்டு மணிக்குப் புல்தரைக்கு வந்து, குழாயைப் பார்த்து, இரண்டாவது கையொப்பம் போட வேண்டும் என்று உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மருதைக்கு மாலை போட்டார்கள். கீழே பெண்கள் பக்கத்தில் ருக்மணி உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில், தீ மூட்டிய தியாகி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்கள். மருதை எழுந்து, "நான் கொளுத்தலை. ரயில் கொளுத்துச்சு," என்றான். கூட்டம் கைதட்டியது. எவ்வளவு அடக்கமான மனிதர். மறுபடியும், இன்னும் உரக்க, "நான் அங்க இல்லவே இல்லை," என்றான். கைதட்டலும் இன்னும் உரத்தது. ருக்மணி எழுந்து நின்று, அன்றைக்கு மழை பெய்யவில்லை, என் துணி காய்ந்துகொண்டிருந்தது என்று ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள், தியாகியின் தங்கை உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நதின் மட்டும் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். சாட்சி: ருக்மணி வலேதோன். ஆதாரம்: துணிக்கொடி.

மேடையிலிருந்து இறங்கிய மருதை மாலையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, முப்பது வயதை எட்டும் மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மடியில் வைக்கிற அளவில் அவன் இல்லை. போர்ட் லூயிஸில் குமாஸ்தா, தொந்தி வேறு. மாமனும் மருமகனும் ஒரே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலாயுதன் அடுத்த மார்ச் வரை மானியைப் பார்த்தார், பக்கத்தில் ரெமியோடு. "காத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடணுமா லதோன்?" என்று ரெமி தினமும் கேட்டான். விடுதலை வந்து புதுக் கொடி ஏறிய அன்றும் இருவரும் எட்டு மணிக்கு அங்கேதான் இருந்தார்கள். அன்றைய எண்ணுக்கும் இரண்டு கையொப்பம்.

வீட்டில் ருக்மணி சமைத்தாள், பரிமாறினாள். ஆனால் அவரோடு அவள் பேசியது காலையில் ஒரு முறைதான். ஏழே முக்காலுக்கு அவர் செருப்பை மாட்டும்போது கொல்லைப்பக்கம் போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

"பெய்யலை. துணி காஞ்சிருக்கு. போய் எழுதிக்கங்க."